பசு வந்து தங்கிய ஊர்

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் எங்கள் ஊரான பசுமலைக்கென்று ஒரு படலமே இருக்கிறது. மதுரையை அழிக்கும் பொருட்டு வேள்வித் தீயிலிருந்து எழுப்பி ஏவப்பட்ட மாயப்பசு ஒன்று நகரை நோக்கிச் சீறி வருகிறது. அனந்தகுண பாண்டியன் சோமசுந்தரக் கடவுளின் சந்நிதியில் முறையிடுகிறான். இறைவன் நந்தியை அனுப்புகிறார். இதற்கு முன் ஏவப்பட்ட யானையும் நாகமும் அம்புபட்டு வீழ்ந்து ஆனைமலையும் நாகமலையும் ஆயின. பசுவின் முடிவோ வேறு விதமானது. எதிரே வந்து நின்ற இடபத்தின் பேரழகைக் கண்டு மோகித்து, வந்த காரியத்தை அடியோடு மறந்து, நகரத்தின் எல்லையில் அப்படியே உயிரை விட்டு மலையாகக் கிடந்துவிட்டது. பகைகொண்டு வந்த ஒன்று அழகைக் கண்டு தங்கிவிட்டது என்னும் இந்தக் கற்பனை என்னை மீண்டும் மீண்டும் ஆட்கொள்கிறது. எங்கள் ஊரில் வாசம் செய்வதன் இன்பம் அதற்குள்தான் அடங்கியிருக்கிறது என்று மனப்பூர்வமாக நம்புகிறேன்.

பசுவுக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேர்ந்திருக்கிறது. 1845-ல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் உபதேசியார்களைப் பயிற்றும் தங்கள் பாடசாலையைத் திருமங்கலத்திலிருந்து இந்த மலையடிவாரத்துக்குக் கொண்டுவந்தார்கள். சமயப் பணிக்கென்று அமைந்த அதே வளாகத்தில் 1881-ல் கல்லூரி வகுப்புகள் தொடங்கின. 1904-ல் மதுரைக்குள் குடிபெயர்ந்து, அமெரிக்கன் கல்லூரியாக இன்று நிற்பது அந்த வித்திலிருந்து எழுந்த விருட்சமே.

எட்டயபுரத்தில் பாரதியாரின் பால்ய நண்பராக வளர்ந்து, தூத்துக்குடியில் வழக்கறிஞராயிருந்து வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் முயற்சிக்குத் தோள்கொடுத்து, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறைக்குத் தலைமை வகித்த நாவலர் சோமசுந்தர பாரதியார், எத்தனையோ ஊர்களைக் கண்ட பிறகும் தமக்கு இல்லமாக வரித்துக்கொண்டது பசுமலையைத்தான். ‘தசரதன் குறையும் கைகேயி நிறையும்’ என்ற நூலில், உலகமே பழித்த ஒரு ஸ்திரீக்காக வாதாடிய அந்த வழக்கறிஞருக்கு, பழி சுமந்த ஒரு பசுவின் மடியருகே வீடு அமைந்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஆனந்தம் பொங்குகிறது.

அந்தப் பசுவை ஏவியவர்கள் சமணர் என்று புராணம் கூறும். மேற்கே சற்றுத் தொலைவில், கீழக்குயில்குடிச் சமணர் மலையில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாறையில் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர்கள் அமர்ந்திருக்கிறார்கள்; கீழே தாமரைக்குளம், பக்கத்தில் அய்யனாரும் கருப்பசாமியும். அம்மலையின் செட்டிப்புடவு என்னும் குகையில் உள்ள தீர்த்தங்கரர் திருமேனியின் முகத்தில் உறைந்திருக்கும் சாந்தத்தைப் பார்த்த பிறகு, அதை வடித்த மரபினர் ஓர் ஊரை அழிக்கத் தீ வளர்த்தார்கள் என்ற கதையை என் நெஞ்சம் ஒப்புவதே இல்லை. கதையில் பசுவை மட்டும் வைத்துக்கொண்டு, பகையை நான் விட்டுவிட்டேன்.

மதுரைக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் இடையே, இரண்டுக்கும் உறவாக இருப்பதே எங்கள் ஊரின் பாக்கியம். சித்திரையில் மீனாட்சியின் திருக்கல்யாணம் வரும்போது இது நன்றாக விளங்கும். தாய் தந்தையரின் மணத்தைக் காணத் தெய்வானையோடு சுப்பிரமணிய சுவாமியும், தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கப் பவளக்கனிவாய்ப் பெருமாளும் திருப்பரங்குன்றத்திலிருந்து புறப்பட்டு, எங்கள் சாலை வழியாகத்தான் மதுரைக்கு எழுந்தருளுகிறார்கள். நகரவாசிகள் அவர்களை மணவறையின் கூட்டத்துக்கும் மேளத்துக்கும் நடுவே எட்ட நின்று சேவிக்க வேண்டும். நாங்களோ, கல்யாணத்துக்குப் புறப்பட்ட உறவினரை வாசலில் மறித்து நலம் விசாரிப்பதுபோல், நீர் தெளித்துக் கோலமிட்ட தெருவோரத்தில் தேங்காய் பழத்தட்டோடு நின்று வழியனுப்புகிறோம். அந்த வேளையில் எங்கள் ஊர்க் கிழவிகள் மந்திரமோ தோத்திரமோ சொல்லிக்கொண்டிருப்பதில்லை. பல்லக்கு நெருங்கும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டு, “போயிட்டு வெரசா வந்துருய்யா” என்று முருகனிடம் சொல்கிறார்கள்.