வீலைச் சுத்திப் பாரு

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு மூட்டை ஏற்றிவரும் மொபெட்டுகள்தான் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குச் சோறு போடுகின்றன. 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50-ஐப் பெடல் மிதித்துக் கிளப்பிய காலத்திலேயே தொழில் பழகியவர் எங்கள் அண்ணன். ஸ்பானரை என் கையில் கொடுப்பதற்கு முன் அவர் கொடுத்தது செயின் கழுவும் வேலை.

மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பிரஷால் தேய்த்து, துணியில் துடைத்து, ஒவ்வொரு கண்ணியையும் விரலால் மடக்கிப் பார்க்க வேண்டும். நல்ல கண்ணி தானாக மடங்கும். துரு ஏறியது மடங்கிய இடத்திலேயே விறைத்து நிற்கும். ஓடும்போது தடக் தடக்கென்று கேட்பது பெரும்பாலும் அந்த ஒற்றைக் கண்ணிதான்.

செயின் இறுக்குவதுதான் எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை. ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் திருகி, செயினின் கீழ்ப்பக்கத்தை விரலால் தூக்கிப் பார்ப்பேன். ஆட்டம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் மறுநாளே வண்டி ஊளைச் சத்தத்தோடு திரும்பி வரும். பயந்து லூஸாக வைத்தால் பள்ளத்தில் இறங்கும்போது செயின் கழன்றுவிடும். வெங்காய மூட்டையோடு ஒருவர் நடுரோட்டில் நின்றுவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். அவர் சட்டை முழுக்க வியர்வை. எங்களைத் திட்டவில்லை, பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அண்ணன் அந்த வண்டியில் கை வைக்கவே இல்லை. “வீலைச் சுத்திப் பாரு தம்பி” என்றார். சுற்றினேன். “வேகமா இல்ல. விரலைச் செயினுக்கு அடியில வச்சுக்கிட்டு மெதுவா.”

அப்போதுதான் விரலுக்குத் தெரிந்தது. ஓரிடத்தில் தொங்கிய செயின், சக்கரம் திரும்பத் திரும்ப விறைத்து, வீணைத் தந்திபோல் நின்றது. பிறகு மறுபடி தொங்கியது. செயினும் பல்சக்கரமும் எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. தொங்கும் இடத்தில் அளந்து நான் இறுக்கியதெல்லாம், விறைப்பான இடம் வரும்போது பேரிங்கைப் பிடித்து இழுத்திருக்கிறது. ஆட்டத்தை அந்த விறைப்பான இடத்தில்தான் பார்க்க வேண்டும். அதுவும் சீட்டில் ஓர் ஆளை உட்காரவைத்து. பாரம் ஏறினால் செயின் இன்னும் இறுகும்.

அந்த வண்டிக்கு இறுக்கினால் மட்டும் தீராது என்றும் அன்றே காட்டினார். அரை அங்குலக் கண்ணி கொண்ட செயினில் 24 கண்ணி சேர்ந்தால் 12 அங்குலம், அதாவது 304.8 மில்லிமீட்டர். அதற்கு மேல் 3 மில்லிமீட்டர் போயிருந்தால் செயின் முடிந்தது. இரும்பு இழுபட்டு நீளவில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் புஷ்ஷும் தேய்ந்த தேய்மானம்தான் அப்படிக் கூடிநிற்கிறது. பழைய பல்சக்கரத்தில் புதுச் செயினை மாட்டினால், கொக்கி போல் வளைந்த பற்கள் அதையும் சீக்கிரம் தின்றுவிடும். அதனால் செட்டாக மாற்றினோம்.

செயினின் இரு முனைகளையும் இணைக்கும் லாக்கை மாட்டும்போது அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். சக்கரம் கோணியிருந்தால் கண்ணித் தகட்டின் உட்புறம் ஒரு பக்கம் மட்டும் உரசிப் பளபளக்கும். இவை எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டன.

இப்போது சத்தம் என்று வரும் வண்டிகளை அண்ணன் என்னிடமே அனுப்புகிறார். “பாரம் ஏத்தினா கேக்குதாண்ணே, வெறும் வண்டியிலயும் கேக்குதா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்டாண்டு போடுகிறேன்.