வலது சீட்டிலிருந்து இடது சீட்டுக்கு... 66 வயதில் மோட்டார் ஹோம் ஓட்டக் கற்ற அம்மா!

2022 ஆகஸ்ட். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் 90-ம் எண் நெடுஞ்சாலை. இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை புல்வெளி. 28 அடி நீள மோட்டார் ஹோமை ஓட்டிக்கொண்டிருந்த கணவர் திடீரென்று கேட்டார்.

"ஏம்மா, ரோட்டுல போட்டிருக்கிற வெள்ளைக் கோடு நெளியுதே... உனக்கும் அப்படித் தெரியுதா?"

பக்கத்து சீட்டில் இருந்த அம்மா எட்டிப் பார்த்தார். கோடு நேராகத்தான் இருந்தது.

"வெயில் அப்படிக் காட்டுதுங்க. ஓரமா நிறுத்துங்க, காபி போடறேன்" என்றார். சொல்லும்போதே அவருக்கு வயிற்றைப் பிசைந்தது. கோடு நெளியவில்லை. நெளிந்தது கணவரின் பார்வை.

அப்போது அவருக்கு 70 வயது, அம்மாவுக்கு 65. கும்பகோணத்திலிருந்து 1982-ல் அமெரிக்காவுக்குப் போனவர்கள். ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரை ஒட்டி வீடு. அவர் இன்ஜினீயர், அம்மா நூலகத்தில் வேலை. இரண்டு பிள்ளைகளையும் படிக்கவைத்து, கல்யாணம் செய்துவைத்து, வீட்டுக்கடனையும் அடைத்து முடித்த பிறகு, 2016-ல் கணவர் ஒரு பழைய மோட்டார் ஹோமை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், குளியலறை, கழிவறை எல்லாம் உண்டு. டிரைவர் தலைக்கு மேலே இன்னொரு படுக்கை.

"வீட்டுக்கு வீல் மாட்டின மாதிரி இருக்கு" என்று சிரித்தார் அம்மா. அதன் ஸ்டீயரிங்கைத் தானே ஒருநாள் பிடிக்க வேண்டி வரும் என்று அப்போது அவர் நினைக்கவே இல்லை.

முதல்ல கறுப்பு, அப்புறம் சாம்பல்!

அடுத்த வருடம் மிச்சிகன் மாநிலப் பூங்கா ஒன்றில் முகாம். கிளம்பும் நாளன்று கழிவுத் தொட்டிகளைக் காலி செய்ய வேண்டும். மோட்டார் ஹோமில் இரண்டு தொட்டிகள் இருக்கும். கழிவறைத் தண்ணீர் சேர்வது 'கறுப்புத் தொட்டி'. சிங்க், குளியல் தண்ணீர் சேர்வது 'சாம்பல் தொட்டி'. இருவரும் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு விழித்தபடி நின்றார்கள். பின்னால் வண்டிகள் வரிசைகட்ட ஆரம்பித்தன.

அந்த வரிசையிலிருந்து ரப்பர் கையுறை போட்ட ஒரு பெண்மணி இறங்கி வந்தார். "முதல்ல கறுப்பைத் திறங்க. அது காலியானதும் சாம்பல். சோப்புத் தண்ணி போகும்போது குழாயும் கழுவிடும்" என்றார். 5 நிமிடத்தில் வேலை முடிந்தது.

அவர் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். கணவர் இறந்த பிறகு, ஒரு நாயைத் துணைக்கு வைத்துக்கொண்டு தனியாகவே நாடு சுற்றுகிறார். அன்று முதல் இவர்களுக்கு அவர் 'டீச்சர்'. அவருடைய வண்டியில் முட்டை வடிவத்தில் ஒரு சின்னப் பலகை, அதில் ஓர் எண். என்னவென்று அம்மா விசாரித்தார்.

அது ஃபேமிலி மோட்டார் கோச் அசோசியேஷன் என்ற மோட்டார் ஹோம் உரிமையாளர்கள் சங்கத்தின் உறுப்பினர் பலகை. 'வாத்து முட்டை' என்று செல்லப்பெயர். ரோட்டில் போகும்போது இன்னொரு வண்டியில் அந்த முட்டையைப் பார்த்தால் கையசைப்பார்கள். அந்த வண்டி ரிப்பேராகி நின்றிருந்தால் இறங்கி விசாரிப்பார்கள்.

சங்கம் பிறந்த கதை இன்னும் சுவாரஸ்யம். 1963 ஜூலை 20-ம் தேதி முழு சூரிய கிரகணம். அதைப் பார்க்க, மெய்ன் மாநிலத்தின் ஹிங்க்லி என்ற ஊரில் 26 குடும்பங்கள் தங்கள் வண்டிகளோடு கூடின. இன்றைக்குப்போல ஷோரூமில் மோட்டார் ஹோம் வாங்கும் வசதி பெரிதாக இல்லாத காலம். பழைய பஸ்ஸை வாங்கி, சீட்டைக் கழற்றி, கட்டிலும் அடுப்பும் வைத்துத் தாங்களே வீடாக மாற்றியவர்கள்தான் அவர்களில் பலர். 'நம்மைப்போல இன்னும் இத்தனை பேரா!' என்ற சந்தோஷத்தில் அங்கேயே சங்கம் தொடங்கிவிட்டார்கள்.

"கிரகணம்னா நம்ம ஊர்ல கதவைச் சாத்திப்போம். இவங்க சங்கம் ஆரம்பிச்சிருக்காங்க பாருங்க!" என்றார் அம்மா. அந்த மாதமே இவர்களுடைய வண்டியிலும் ஒரு முட்டை ஏறியது.

கடுகு வெடித்தால் அலாரம்

அடுத்த 5 ஆண்டுகள் அவர்கள் பார்க்காத மலை இல்லை, ஏரி இல்லை. பேட்லேண்ட்ஸின் வரிவரியான மண்குன்றுகள், யெல்லோஸ்டோனின் கொதிக்கும் ஊற்றுகள், சுபீரியர் ஏரியின் கரை. மோன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் மலையைக் குறுக்கே கடக்கும் பாதையின் உயரமான பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதி கிடையாது. அங்கே மட்டும் டீச்சரின் சின்ன கார் கை கொடுத்தது. மோட்டார் ஹோமுக்குப் பின்னால் அதைக் கட்டி இழுத்துக்கொண்டே ஊர் ஊராக வருபவர் அவர்.

சமையலில்தான் வேடிக்கை. அம்மா கடுகு தாளித்தால் போதும், வண்டிக்குள் புகை அலாரம் அலறும். முதல் தடவை பக்கத்து வண்டிக்காரர் தீயணைக்கும் சிலிண்டரோடு ஓடிவந்துவிட்டார். வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியுமா? தட்டில் எலுமிச்சை சாதம் வைத்துக் கொடுத்தார். அதன்பிறகு சங்கத்து ஆட்கள் கூடும் இடத்தில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்தில், மஞ்சள் சாதம் இல்லாவிட்டால் கேட்டு வாங்க ஆள் இருந்தது. சட்னி அரைக்க மிக்ஸி போட வேண்டுமென்றால் ஜெனரேட்டரை ஓட்டலாம். ஆனால், இரவு நேரத்தில் ஜெனரேட்டர் சத்தம் கூடாது என்பது முகாம்களின் சட்டம். அதனால் மறுநாள் காலைக்கான சட்னி முதல் நாள் சாயந்திரமே தயாராகிவிடும்.

"வித்துடலாம்"

தெற்கு டகோட்டாவிலிருந்து திரும்பியதும் கண் டாக்டரிடம் போனார்கள். கட்டம் போட்ட ஒரு அட்டையைக் காட்டி, ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கச் சொன்னார்கள். நேர்க்கோடுகள் நடுவில் வளைந்து தெரிவதாகச் சொன்னார் கணவர். வயதானவர்களுக்கு வரும் விழித்திரை மையச் சிதைவு. நேருக்கு நேராகப் பார்க்கும் மையப் பார்வையை மெல்லத் தின்னும் நோய் இது. ஓரப் பார்வை பெரும்பாலும் தங்கிவிடும். கண்ணுக்குள் ஊசி போட்டு வேகத்தைக் கட்டுப்படுத்தலாம் என்றார் டாக்டர். வண்டி ஓட்டுவதை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்த கணவர் சாவியை ஆணியில் மாட்டினார். "வித்துடலாம்" என்ற ஒரு வார்த்தைக்கு மேல் பேசவில்லை.

போனில் மகளும் அதையேதான் சொன்னார். "வித்துடும்மா. இத்தனை வருஷம் சுத்தினது போதாதா? இனிமே ஃபிளைட்ல போலாம், ஹோட்டல்ல தங்கலாம். உனக்கும் ரெஸ்ட்."

அம்மா நிம்மதியாகத் தலையாட்டுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வாங்கும்போது ஆசை கணவருடையது. ஆனால், அந்தக் குளிர்காலம் முழுக்க உறை போட்டு மூடிக் கிடந்த வண்டியை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தவர் அம்மாதான். கணவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வாங்க ஆள் வந்து பார்த்துவிட்டுப் போன அன்று இரவு, அம்மா வாய் திறந்தார்.

"நான் ஓட்டறேன்."

"நீயா? உன்னால முடியாது. 28 அடிம்மா அது!"

"இத்தனை வருஷமா உங்க பக்கத்துல உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தது யாரு?"

அன்று இருவரும் பேசிக்கொள்ளாமல் படுத்தார்கள். மனைவி ஓட்ட, தான் பக்கத்தில் உட்கார்ந்து போவதைவிட வண்டியே இல்லாமல் இருப்பது மேல் என்று கணவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். 40 வருடமாக எங்கே போனாலும் ஓட்டியவர் அவர்.

சர்ச் வாசலில் பாடம்

2023 வசந்தத்தில் டீச்சர் வந்து இறங்கினார். ஞாயிறு தவிர மற்ற நாள்களில் காலியாகக் கிடக்கும் ஒரு சர்ச்சின் பார்க்கிங்கில், ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக வைத்தார்.

"உனக்கு ரோடு தெரியும். வண்டியோட அளவுதான் தெரியாது. அதை மட்டும் கத்துக்கோ" என்றார்.

26,000 பவுண்டு எடைக்கு உட்பட்ட மோட்டார் ஹோமை ஓட்ட, பெரும்பாலான மாநிலங்களில் சாதாரண கார் லைசென்ஸே போதும். இவர்களுடைய வண்டி அதற்குள்தான். லைசென்ஸ் தடையில்லை. தடை எல்லாம் பயம்தான்.

முதல் பாடம், கண்ணாடிகள். உள்ளே இருக்கும் கண்ணாடியில் பின்பக்கம் தெரியாது. பக்கக் கண்ணாடி இரண்டும்தான் கண். இரண்டாவது, வால். பின் சக்கரத்துக்குப் பின்னாலும் வண்டி பல அடி நீண்டிருக்கும். வலப்பக்கம் திரும்பினால் வால் இடப்பக்கம் வீசும். மூன்றாவது, உயரம். 11 அடி 6 அங்குலம் என்று எழுதி ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். பாலத்துக்குக் கீழேயோ பெட்ரோல் பங்க் கூரைக்குக் கீழேயோ நுழையும் முன் அதைப் பார்க்க வேண்டும். நான்காவது, பிரேக். காரைப்போல நினைத்த இடத்தில் நிற்காது. முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் நிறைய இடைவெளி வேண்டும்.

மூன்றாம் நாள், வீட்டு வாசலில் திருப்பும்போது வால் வீசி, எதிர்வீட்டுத் தபால் பெட்டி சாய்ந்தது. அம்மா அழுதேவிட்டார். "நான் முதல் வருஷம் இடிச்சது கேம்ப் ஆபீஸோட கூரை" என்று சொல்லிவிட்டு டீச்சர் காபி கேட்டார்.

தபால் பெட்டியை நட்டுவைக்க மண்வெட்டியோடு வந்தவர் கணவர். நட்டு முடித்து, அம்மாவைப் பார்க்காமலே சொன்னார். "சீக்கிரமா ஒடிச்சுட்டே. பாதி வந்த பிறகு திருப்பணும்." அதுதான் சம்மதம்.

மகளுக்கு மட்டும் கவலை தீரவில்லை. "இன்னும் எத்தனை நாளைக்கும்மா?" என்று கேட்டார். அதற்கும் டீச்சரிடம் ஒரு பதில் இருந்தது. 1978-ல் ஜோ, கே பீட்டர்சன் என்ற தம்பதி தொடங்கிய 'எஸ்கேப்பீஸ்' என்ற இன்னொரு சங்கத்திலும் அவர் உறுப்பினர். வயதாகி இனி பயணிக்க முடியாது என்ற நிலைக்கு வந்தவர்களுக்காக, டெக்சாஸின் லிவிங்ஸ்டன் என்ற ஊரில் ஓர் இடம் உருவாக்கியிருக்கிறார்கள் அந்தச் சங்கத்தினர். அங்கே தங்கள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, அதே கட்டிலில் படுத்து, அதே ஜன்னலில் விடியலைப் பார்க்கலாம். சாப்பாட்டுக்கும் உதவிக்கும் ஆள் உண்டு. "ஓட்ட முடியாமப் போறதைப் பத்தியும் நாங்க யோசிச்சு வெச்சிருக்கோம்" என்றார் டீச்சர். மகள் அதற்குமேல் விற்கச் சொல்லவில்லை.

பகலில் வந்த இரவு

2024 ஏப்ரல் 8. மீண்டும் முழு சூரிய கிரகணம். இந்த முறை ஒஹையோ வழியாகவே போனது. கொலம்பஸ் நகரம் முழு நிழலுக்கு மயிரிழையில் வெளியே இருந்தது. சுமார் 80 மைல் தள்ளி, நிலவில் முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் பிறந்த வாப்பகொனெட்டா பக்கம் போனால் கிட்டத்தட்ட 4 நிமிடம் முழுக் கிரகணம். அங்கே ஒரு வயலில் சங்கத்து நண்பர்கள் கூடுவதாக ஏற்பாடு.

கிரகணத்துக்கு முதல் நாள் கிளம்பினார்கள். அம்மா இடது சீட்டில், கணவர் வலது சீட்டில். மேரிஸ்வில்லில் ஹோண்டா தொழிற்சாலையைத் தாண்டும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தாண்டியதும், "மூச்சு விடும்மா" என்றார். அப்போதுதான் அம்மாவுக்கே தெரிந்தது, ஸ்டீயரிங்கை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறோம் என்று.

1980 பிப்ரவரி 16 கிரகணத்தின்போது 23 வயதுப் பெண்ணாக, கும்பகோணத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அம்மா. இப்போது 67 வயதில், வெட்டவெளியில் நாற்காலி போட்டு அமர்ந்தார். ஆனாலும், ஃப்ரிட்ஜில் இருந்த தயிர் மேல் ஒரு துண்டு தர்ப்பையைப் போட மறக்கவில்லை. பாட்டி வழக்கம்.

பிற்பகல் 3 மணியைத் தாண்டியதும் வெளிச்சம் சட்டென்று வடிந்தது. குளிர் ஏறியது. பறவைகள் அடங்கின. கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பார்த்தது. கணவருக்கு மட்டும் வானத்தின் நடுவில் எப்போதும்போல ஒரு மங்கல்.

"உங்களுக்கு எதாவது தெரியுதாங்க?" என்று மெதுவாகக் கேட்டார் அம்மா.

"சூரியன் தெரியலை. ஆனா சுத்தி எல்லாப் பக்கமும் அந்தி மாதிரி சிவப்பா இருக்கே... அது தெரியுது."

முழுக் கிரகணத்தின்போது அடிவானம் முழுக்க வட்டமாக அந்திச் சிவப்பு படரும். மேலே பார்த்துக்கொண்டிருந்த பலரும் அதைக் கவனிக்கவில்லை. ஓரப் பார்வை மட்டும் மிஞ்சியவர் கண்ணில் அதுதான் முதலில் பட்டது. டீச்சரிடம் சொன்னார். டீச்சர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். வயலில் நின்ற எல்லோரும் ஒருமுறை சுற்றித் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை கிளம்பும்போது, கணவர் வழக்கமான பட்டியலை மனப்பாடமாக ஒப்பித்தார். காகிதத்தில் இருப்பதை இப்போது அவரால் வாசிக்க முடியாது.

"ஆன்டெனா?"

"இறக்கியாச்சு."

"படிக்கட்டு?"

"உள்ளே."

"கேஸ்?"

"மூடியாச்சு."

வண்டி மெதுவாக வயலைவிட்டு ரோட்டில் ஏறியது.

"கோடு நேரா இருக்கா?" என்று கேட்டார் கணவர்.

"நேராத்தாங்க இருக்கு" என்றார் அம்மா.