தலையில்லாத கரடி



சென்ற மாதம் மஃரிபுக்குப் பிந்தைய வகுப்பில், பத்து வயது மாணவர் ஒருவர் கையை உயர்த்திக் கேட்டார்: "ஹஜ்ரத், உங்க வீட்ல கரடிப் படம் இருக்காமே, மெய்தானா?" அதற்கு முந்தைய வாரந்தான் உயிருள்ளவற்றின் உருவங்களைப் பற்றிய ஹதீஸ்களை அதே வகுப்பில் நடத்தியிருந்தோம். பிள்ளைகள் அனைவரும் ஓதுவதை நிறுத்திவிட்டு எம் முகத்தையே பார்த்தனர். "இருக்கிறது. ஆனால் அதற்குத் தலை இல்லை" என்றோம். வகுப்பே சிரித்தது. அன்றைக்கு அந்தச் சிரிப்போடு தப்பித்துக்கொண்டோம் என்றே சொல்ல வேண்டும். அப்பிள்ளைகளின் பெற்றோர் பலரும் இப்பக்கத்தை வாசிப்பவர்கள். ஆகவே முழு விவரத்தையும் இங்கே எழுதிவிடுவது முறை.

எம் வாப்பா தம்மாமில் ஒரு மளிகைக் கிடங்கில் பணியாற்றியவர். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை இரண்டு மாத விடுப்பில் ஊர் வருவார். 1992-ஆம் ஆண்டு வந்தபோது, பேரீச்சம்பழப் பெட்டிக்கும் போர்வைகளுக்கும் இடையே ஒரு வீடியோ கேசட் இருந்தது. டிஸ்னியின் 'தி ஜங்கிள் புக்'. எங்கள் வீட்டில் டிவி இல்லை. உம்மா அதை விரும்பியதில்லை. மாமி வீட்டில்தான் டிவியும் டெக்கும் இருந்தன. அங்கே வாப்பா நடுவில் அமர, நாமும் தம்பியும் இரு பக்கமும் அமர்ந்து அந்தப் படத்தைப் பார்ப்போம். அந்த விடுப்பில் மட்டும் எத்தனை முறை பார்த்தோம் என்பதற்குக் கணக்கில்லை.

படம் ஆங்கிலத்தில் இருந்தது. வாப்பா எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எனினும் ஒவ்வொரு வசனத்திற்கும் தமிழில் பொருள் சொல்லிக்கொண்டே வருவார். அவர் சொன்ன கதையில் பகீரா என்னும் கருஞ்சிறுத்தை, பிள்ளையை மத்ரஸாவில் சேர்க்க அழைத்துச் செல்லும் உஸ்தாத். பலூ என்னும் கரடி, வேலை வெட்டியின்றி ஊர் சுற்றும் மாமா. ஷேர் கான் புலியை 'கான் பாய்' என்றே அழைப்பார். கரடி மரத்தில் முதுகைத் தேய்த்துச் சொறியும் இடம் வந்தால் எங்கள் இருவர் பக்கமும் திரும்பி, "குளிக்காம ஓதப் போனா இப்பிடித்தான் அரிக்கும்" என்பார். பிற்காலத்தில் ஆங்கிலம் ஓரளவு புரியத் தொடங்கிய பின்னரே அவர் சொன்னவற்றில் ஒரு வரிகூடப் படத்தில் இல்லை என்று தெரிந்தது. கேசட்டைக் கடற்காற்றுப் பூசணம் தின்றது. வாப்பா 2014-இல் இறையடி சேர்ந்தார்கள்.

அதற்கு மறு ஆண்டு ஷார்ஜாவிலிருந்து தம்பி தொலைபேசியில் சொன்னார்: "காக்கா, அந்தப் படத்துக்கு வரஞ்ச ஒரிஜினல் படங்களையே விக்கிறாங்களாம்." நாம் முதலில் நம்பவில்லை.

அதன் விவரத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அக்காலக் கார்ட்டூன் படங்களில் ஒரு வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். பெரும்பாலும் ஒரு வரைபடத்தை இரண்டு சட்டகங்களுக்குப் பயன்படுத்துவர். அப்படிப் பார்த்தாலும், அசையும் ஓர் உருவத்திற்கு ஒரு வினாடிக்கு 12 படங்கள் வேண்டும். 'தி ஜங்கிள் புக்' 78 நிமிடப் படம். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் சட்டகங்களுக்கு மேல் வரும். ஓவியர் முதலில் தாளில் பென்சிலால் வரைவார். அக்கோடுகள் 'செல்' எனப்படும் கண்ணாடி போன்ற மெல்லிய தாளுக்கு மாற்றப்படும். முற்காலத்தில் பெண்கள் அமர்ந்து கைம்மையால் அக்கோடுகளை இழைத்தனர். 1961-இல் வெளிவந்த, நூற்றொரு நாய்களின் கதையைச் சொல்லும் படம் முதல், நம் ஊர்க் கடைகளில் நகல் எடுக்கும் அதே ஜெராக்ஸ் முறையால் கோடுகளைத் தாளில் ஏற்றத் தொடங்கினர். வண்ணம் மட்டும் தொடர்ந்து கையாலேயே, தாளின் பின்புறத்தில் பூசப்பட்டது. இவ்வாறு முடிந்த தாளைக் காட்டின் ஓவியத்தின் மீது வைத்துப் படம் பிடிப்பர். மரமும் பாறையும் நீரும் அடியில் உள்ள ஓவியத்தில் இருக்கும். கரடி மட்டும் மேல் தாளில் இருக்கும்.

படம் பிடித்து முடிந்ததும் அத்தாள்களுக்கு மதிப்பில்லை. ஆரம்ப நாட்களில் வண்ணத்தைக் கழுவிவிட்டு அதே தாளை மீண்டும் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1938 முதல் சான் பிரான்சிஸ்கோவின் கூர்வாசியே என்னும் ஓவியக் கூடம் சிலவற்றை வாங்கி விற்றது. 1955-இல் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டபோது, அங்கிருந்த கடையில் சுற்றுலா வந்தவர்கள் சொற்ப டாலர்களுக்கு இவற்றை வாங்கிச் சென்றனர். பென்சில் வரைபடங்களையோ நிறுவனம் பத்திரமாக வைத்துக்கொண்டது. 1973-இல் வந்த 'ராபின் ஹூட்' படத்தில் ஆடும் கரடி, பலூவின் பழைய அசைவுகளைத் தழுவி வரையப்பட்டது என்பதை இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர் கண்டுகொள்ளலாம். 1990-க்குப் பின் டிஸ்னியின் முழுநீளப் படங்களில் வண்ணம் கணினிக்குச் சென்றுவிட்டது. இனி இத்தகைய தாள்கள் அங்கே பிறக்கப்போவதில்லை என்றான பிறகு, குப்பையாய்க் கிடந்தவை சேகரிப்போரின் செல்வமாயின.

முதல் கொள்முதலில் நாம் ஏமாந்தோம். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணையவழியில் குர்ஆன் ஓதிக்கொடுத்துச் சேர்த்த பணம் சிறிது இருந்தது. மழைக்காலத்திற்கு முன் மாடித் தளத்தின் ஒழுக்கை அடைக்க வைத்திருந்த பணம் அது. வீட்டில் சொல்லாமல் அதிலிருந்து இருநூறு டாலருக்கு மேல் அனுப்பினோம். வந்தது பலூவும் மௌக்லியும் சேர்ந்திருக்கும் அழகிய தாள். பளபளப்பான சான்றிதழ் வேறு. சில மாதங்கள் கழித்து விவரம் தெரிந்தவரிடம் காட்டியபோது, அது திருமணப் பத்திரிகை அடிப்பதுபோல் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் நினைவுப் பொருளாக அச்சிட்டு விற்கப்பட்டது என்றார். கேமராவின் கீழ் ஒரு நாளும் போகாதது. சான்றிதழை நிதானமாக வாசித்தால் அதிலேயே அப்படித்தான் இருந்தது. அவசரத்தில் நாம் வாசிக்கவில்லை.

அன்றிரவு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "ஹதீஸுன்னா சனது எங்கேன்னு கேப்பீங்களே, இதுக்கு ஏன் கேக்கல?" என்று மட்டும் கேட்டார். அந்த ஆண்டு மழையில் முன்னறையில் இரண்டு வாளிகள் வைத்திருந்தோம். சொட்டும் ஓசை கேட்கும்போதெல்லாம் அக்கேள்வியும் கேட்டது.

அதன் பிறகே முறையாகக் கற்றோம். ஹதீஸ் கலையோடு கடைச்சரக்கை ஒப்பிடுவதாக எவரும் எண்ண வேண்டாம். பழக்கம் மட்டுமே அங்கிருந்து வந்தது. இத்தாள் ஸ்டூடியோவிலிருந்து யார் கைக்குச் சென்றது, அவரிடமிருந்து யாருக்கு, இடையில் தொடர் அறுந்திருக்கிறதா? பின் தாளையே பார்க்க வேண்டும். விளிம்பில் வரைமேசையின் முளைகளில் பொருத்துவதற்கான துளைகள் உள்ளனவா? மூலையில் வரைபடத்தின் எண் உள்ளதா? பின்புறத்தைச் சாய்வான ஒளியில் பிடித்தால் தூரிகையின் தடமும் வண்ணத்தின் ஏற்றத்தாழ்வும் தெரிகின்றனவா? அச்சில் எல்லாம் ஒரே சமமாக இருக்கும். தாள் உண்மையாய் இருந்து தொடர் அறுந்திருப்பதும் உண்டு. தொடர் அழகாய் இருந்து தாள் பொய்யாய் இருப்பதும் உண்டு. இரண்டையும் பார்க்க வேண்டும்.

இனி அம்மாணவர் கேட்ட கேள்விக்கு வருவோம். உருவங்கள் உள்ள வீட்டில் மலக்குகள் நுழைவதில்லை என்ற அறிவிப்பும், ஆயிஷா (ரலி) அவர்கள் தொங்கவிட்ட உருவத் திரையை நபி (ஸல்) அவர்கள் விரும்பாததும், அதை வெட்டித் தலையணைகளாக்கியதும் நாம் அறிந்தவை. ஓவியத்தால் பிழைத்த ஒருவரிடம், வரைந்தே ஆக வேண்டுமெனில் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவுறுத்தியதும் தெரிந்ததே. மத்ஹபுகளில் விரிவான கருத்துகள் உள்ளன. நிழல் விழாத ஓவியத்தில் மாலிக்கி மத்ஹபினர் சற்று இலகுவாக உள்ளனர். நாமோ ஷாஃபிஈ மத்ஹபில் ஓதியவர். இரண்டு தலைமுறைப் பிள்ளைகளுக்கு அதையே ஓதிக்கொடுத்துவிட்டு, நமக்கு ஆசை வந்தபோது மட்டும் வேறு மத்ஹபின் கதவைத் தட்டுவது எமக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே காட்டின் ஓவியத்தையே வாங்கலாம் என்று எண்ணினோம். அதில் உயிரினமே இல்லையல்லவா? அல் டெம்ஸ்டர் என்பவரின் பொறுப்பில் அப்படத்தின் காடு தீட்டப்பட்டது. ஈரமான பச்சை, இலைகளுக்கு இடையே வழியும் வெயில், பாசி படிந்த கல். விலையைப் பார்த்ததும் கணினியை மூடிவிட்டோம். ஒரு காட்சிக்குக் கரடிகள் பல நூறு இருக்கும். காடு ஒன்றே ஒன்றுதான். மார்க்கம் எமக்கு அனுமதித்ததைச் சந்தை எட்டாத உயரத்தில் வைத்திருந்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஓர் ஏலத்தின் கடைசிப் பக்கத்தில் அது கண்ணில் பட்டது. உடல் அசையாமல் தலை மட்டும் திரும்பும் இடங்களில் ஓவியர்கள் உழைப்பை மிச்சப்படுத்துவர். உடலை ஒரு தாளிலும் தலையை வேறு தாள்களிலும் தீட்டி, தலையை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பர். அப்படிப்பட்ட ஓர் உடல் தாள் அது. பலூவின் பெரிய சாம்பல் வயிறும் தோள்களும் தொங்கும் கைகளும் மட்டும். சேகரிப்போருக்கு முகந்தான் வேண்டும்; தலையில்லாத கரடியை எவரும் சீண்டவில்லை. உருவத்தின் தலையை நீக்கிவிட்டால் அது மரத்தின் தோற்றத்தை அடைந்துவிடும் என்று ஜிப்ரீல் (அலை) அவர்கள் சொன்னதாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் வரும் அறிவிப்பு உடனே நினைவுக்கு வந்தது. இம்முறை மனைவியிடம் கேட்ட பிறகே பணம் அனுப்பினோம். அறுபது டாலர். சனதும் இருந்தது, இரண்டே கைகள், இரண்டுக்கும் எழுத்து.

வீண் விரயம் இல்லையா என்று நிர்வாகக் குழுப் பெரியவர் ஒருவர் அன்போடு கேட்டார். அக்கேள்விக்கு எம்மிடம் இன்னமும் திடமான பதில் இல்லை. விற்கும் நோக்கத்தோடு வாங்காததால் ஸகாத் கடமையில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னோம்.

தாளைச் சுவரில் மாட்டவில்லை. அலமாரியில் தட்டைப் பெட்டிக்குள் இருக்கிறது. இத்தாள்கள் செல்லுலோஸ் அசிடேட்டால் ஆனவை. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் தாமாகச் சிதைந்து அமிலம் கக்கும். அப்போது காடி வாடை வரும். சட்டமிட்டு அடைத்து வைத்தால் அந்த ஆவியே தாளை மேலும் அரிக்கும். கடலோர ஊரில் இதைக் காப்பது எளிதன்று. வெள்ளிதோறும் அஸருக்குப் பின் பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்க்கிறோம். இரண்டாண்டுகளாக மெல்லிய வாடை உண்டு. ஓரம் இலேசாக நெளிந்திருக்கிறது. எம் ஆயுளுக்கு வந்தால் போதும்.

ஒரு வெள்ளியன்று பெட்டியைத் திறந்தபோது கரடிக்குத் தலை இருந்தது. எட்டு வயது மகள், தாளின் அடியில் தன் வரைபடத் தாளைச் செருகி, கழுத்துக்கு மேல் காதும் கண்ணும் பல்லுமாக ஒரு முகம் வரைந்திருந்தாள். கரடி என்பதைவிடப் பூனை என்றே சொல்ல வேண்டும். "பாவம் வாப்பா, அதால பாக்க முடியல" என்றாள். ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளை நபி (ஸல்) அவர்கள் பார்த்துச் சிரித்த செய்தியை அந்த வாரந்தான் அவளுக்குச் சொல்லியிருந்தோம். கடிந்துகொள்ள வாய் வரவில்லை. அவள் உறங்கிய பின் அந்த முகத்தைத் தனியே எடுத்து அவள் புத்தகப் பைக்குள் வைத்தோம். காலையில் அதைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று எமக்குத் தோன்றியது. பள்ளியில் தோழிகளிடம் அவள் சொல்லித்தான், செய்தி மத்ரஸா வரை வந்திருக்கிறது.

இப்பெருநாளுக்குத் தம்பி ஊர் வந்திருந்தார். தொழுகை முடிந்து வந்து பெட்டியைத் திறந்து, தாளை வெள்ளைத் துணியின் மீது வைத்தோம். தம்பி குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"காக்கா, இது அந்த மரத்துல முதுகு சொறியிற எடம்."

அப்படி இருக்க வாய்ப்பே இல்லை. சொறியும்போது உடல் முழுவதும் அசையும். ஒவ்வொரு அசைவுக்கும் முழுக் கரடியை வரைந்திருப்பர். உடல் தனித் தாளில் வந்திராது. இது எங்கோ அமர்ந்து எதையோ கேட்டுக்கொண்டிருக்கும் கரடி. சொல்ல வாயெடுத்தோம். அதற்குள் தம்பி எம் மகள் பக்கம் திரும்பி, வாப்பாவின் குரலிலேயே சொன்னார்: "குளிக்காம ஓதப் போனா இப்பிடித்தான் அரிக்கும்."

மகள் தாளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அப்பறம் அது குளிச்சிச்சா, சாச்சா?"

தம்பி எம்மைப் பார்த்தார். அதைப் பற்றி வாப்பா ஏதும் சொன்னதாக எங்கள் இருவருக்குமே நினைவில்லை.