கடைவாய்ப் பல்

பகலெல்லாம் சாதுவாகக் கிடக்கும். தலையணையில் தலை சாய்த்த மறுநொடி விண் விண்ணென்று தெறிக்கும். இத்தனை நாளும் கிராம்பை நசுக்கி அடக்கி, உப்புத் தண்ணீர் கொப்பளித்து ஓட்டிக்கொண்டிருந்தேன். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஊர் மாறிப் போய்விட்டதால் நேற்றுதான் ஒரு புது டாக்டரம்மாவிடம் போனேன்.

"எந்தப் பல் சார்?"

"மேலே, வலது பக்கம்."

கண்ணாடியின் பிடியால் ஒவ்வொரு பல்லாக டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே வந்தார். மேலே ஒன்றுமில்லை. கீழே ஒன்றைத் தட்டினார் பாருங்கள், நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டேன்! இரண்டு தாடைக்கும் போவது ஒரே நரம்பின் கிளைகளாம். வலி எங்கிருந்து வருகிறதென்று மூளையே சில சமயம் குழம்பிவிடுமாம்.

பல்லுக்குள் இருக்கும் கூழ் வீங்கினால் விரிய இடமில்லை, சுற்றிலும் கெட்டிச் சுவர். படுத்தால் தலைக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்ந்து அழுத்தம் ஏறும். ராத்திரிக் கச்சேரியின் ரகசியம் இதுதான்.

வேர் சிகிச்சை ஆரம்பித்து, தற்காலிகமாக அடைத்துவிட்டார். வாயெல்லாம் கிராம்பு வாசம்! கேட்டால், கிராம்பு எண்ணெயில் இருக்கும் யூஜினாலைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்த மருந்தாம். காசு கொடுத்தால் கிராம்புக்கும் மரியாதை.

சிகிச்சை முடிந்ததும் பல்லுக்கு மேல் மாட்டும் 'கேப்' விலையை அடுத்த முறை சொல்கிறாராம். சிரித்துக்கொண்டே சொன்னார், அதுதான் பயமாக இருக்கிறது.