எழுதாமல் விட்ட வரி

ஒரு பெண்ணின் கன்னத்தில் இருந்த புற்றுநோயைத் தீங்கில்லாத கட்டி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தவறு தெரிந்த பிறகு அதை மறைத்தேன். முதலாவதை இந்தத் தொழிலில் நேரக்கூடியது என்று சக மருத்துவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். இரண்டாவதற்கு அந்தச் சலுகை கிடையாது, நானும் கேட்கவில்லை.

நான் நோய்க்குறியியல் மருத்துவன். ஊரில் 'சதை டெஸ்ட்' என்கிறார்களே, அதுதான் என் வேலை. ஃபார்மலினில் வரும் துண்டை மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் 4 மைக்ரான் தடிமனுக்குச் சீவி, ஹெமடாக்சிலினும் இயோசினும் ஏற்றி என் மேசைக்குக் கொண்டுவருவார்கள். நோயாளியின் முகத்தை நான் பார்ப்பதில்லை. ஆனால் அந்த முகத்தில் கத்தி படுமா படாதா என்பது நான் எழுதும் நாலு வரியில் இருக்கிறது.

பேசல் செல் கார்சினோமாவை மாணவர்களுக்குச் சொல்லித்தருவதில் எனக்கு எப்போதும் விருப்பம். 1827-லேயே டப்ளின் நகரத்துக் கண் மருத்துவர் ஆர்தர் ஜேக்கப், இமைகளை மெல்ல அரித்துச் செல்லும் புண் என்று இதை விவரித்துவிட்டார். வெள்ளைத்தோல் மக்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் இது. நம்மவர்களிடம் குறைவு, வந்தால் பெரும்பாலும் மெலனின் படிந்து கறுப்பாக வரும். மரு என்றோ மெலனோமாவா என்ற கேள்விக்குறியோடோ அனுப்பியிருப்பார்கள். ஸ்லைடில் பார்த்தால் குழப்பமே இருக்காது. கருநீல உட்கருக்கள் கொண்ட செல்கள் கூட்டம் கூட்டமாகத் தோலின் அடியில் இறங்கியிருக்கும். ஒவ்வொரு கூட்டத்தின் விளிம்பிலும் செல்கள் பனைமட்டை வேலி அடைத்ததுபோல் நெருக்கமாக வரிசைகட்டி நிற்கும். கூட்டத்துக்கும் சுற்றியுள்ள திசுவுக்கும் நடுவே மெல்லிய வெள்ளை இடைவெளி ஓடும். முதலாண்டு முதுநிலை மாணவரே கண்டுபிடித்துவிடுவார். வேறு உறுப்புகளுக்குப் பரவுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு.

இந்த இரண்டு எண்ணங்களும் எனக்குள் ஊறிப்போயிருந்தன: பார்த்தால் தெரிந்துவிடும், ஆளைக் கொல்லாது. என் அலட்சியம் அங்கிருந்துதான் வந்தது.

இந்த நோய்க்கு வேறு முகங்களும் உண்டு. ஹெர்மன் பின்கஸ் 1953-ல் விவரித்த வகை, இடுப்பின் பின்புறத்தில் சாதாரணத் தோல் தொங்கலாக வரும். பேசோஸ்குவாமஸ் வகையில் பாதி இந்த நோயின் சாயலும் பாதி ஸ்குவாமஸ் புற்றுநோயின் சாயலும் இருக்கும். மற்றவற்றைவிட அது பரவும் ஆபத்து அதிகம். இவற்றைப் பற்றியெல்லாம் நான் வகுப்பெடுத்திருக்கிறேன். நான் சறுக்கியது மார்ஃபியாஃபார்ம் வகையில். அதில் கூட்டங்கள் கிடையாது, விளிம்பில் வரிசை கிடையாது. ஒன்றிரண்டு செல் அகலமே உள்ள மெல்லிய இழைகள், தழும்பைப் போல் இறுகிய நார்த்திசுவுக்குள் புகுந்து கிடக்கும். வெளியே பார்த்தால் வெளிறிய, சற்றே அமுங்கிய ஒரு தடிப்பு. கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டி உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைத் தோலைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

அதே இழைகள், அதே இறுகிய நார்த்திசு, இன்னொரு கட்டியிலும் உண்டு. டெஸ்மோபிளாஸ்டிக் ட்ரைக்கோஎபிதீலியோமா என்று பெயர். மயிர்க்கால் சார்ந்தது, தீங்கற்றது. அதுவும் பெண்களின் கன்னத்தில்தான் அதிகம் வரும். இரண்டையும் பிரிக்க நல்ல வழி, கட்டியின் அடிப்பாகத்தைப் பார்ப்பது. தீங்கற்றது பெரும்பாலும் தோலின் மேல்பாதியோடு ஓர் ஒழுங்கில் நின்றுவிடும். புற்றுநோய் கொழுப்புக்கும் தசைக்கும் இறங்கும். ஆகவே, அடிப்பாகம் இல்லாத துண்டை வைத்துக்கொண்டு தீர்மானமாகப் பேசக் கூடாது. இது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லும் வசதி எனக்கு இல்லை.

எனக்கு வந்தது 3 மில்லிமீட்டர் பஞ்ச் பயாப்ஸி, மேலோட்டமாக எடுத்தது. இழைகள் இருந்தன, கெரட்டின் நிறைந்த சிறு பைகள் சில இருந்தன. அந்தப் பைகளைப் பார்த்ததும் மனம் தீங்கற்ற பக்கம் சாய்ந்துவிட்டது. சாய்ந்த பிறகும் ஒன்றைப் பார்த்தேன்: துண்டின் அடிவிளிம்பில், வெட்டுப்பட்ட இடத்தைத் தொட்டுக்கொண்டு ஓர் இழை. அதாவது கட்டி அதற்குக் கீழேயும் இருக்கிறது. அந்த இடத்தில் ஸ்லைடை நிறுத்தி ஆப்ஜெக்டிவை மாற்றிப் பார்த்தது இப்போதும் நினைவிருக்கிறது. பிளாக்கை இன்னும் ஆழமாகச் சீவச் சொல்லியிருக்கலாம். சிகே 20 சாயம் ஏற்றியிருந்தால், தீங்கற்ற கட்டியில் சிதறிக் கிடக்கும் மெர்க்கல் செல்கள் இங்கே இருக்கின்றனவா என்று தெரிந்திருக்கும். ஆண்ட்ரோஜன் ரிசெப்டார் சாயமும் உதவியிருக்கும், பேசல் செல் கார்சினோமாவில் அது பெரும்பாலும் ஏறும். அந்தச் சாயங்கள் எங்கள் ஆய்வகத்தில் அப்போது இல்லை, சென்னைக்கு அனுப்ப வேண்டும், செலவு நோயாளியின் தலையில் விழும். அவர்களுக்கு வீண்செலவு வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன். அவர்களைக் கேட்கவில்லை.

சரி, சாயம் வேண்டாம். செலவே இல்லாத காரியம் ஒன்று இருந்தது. 'துண்டில் அடிப்பாகம் இல்லை. இழை வகை பேசல் செல் கார்சினோமாவை இதைக்கொண்டு விலக்க முடியாது. ஆழமாக மறுபடி எடுத்து அனுப்பவும்' என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அப்படி எழுதினால் தோல் மருத்துவர் சலித்துக்கொள்வார், தீர்மானமாகச் சொல்லத் தெரியாதவன் என்று நினைப்பார் என்ற கூச்சம். தெளிவான ரிப்போர்ட் தருகிறவன் என்ற பெயர் எனக்கு இருந்தது. அதைக் காப்பாற்றிக்கொண்டேன்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு பெரிய துண்டு வந்தது. படிவத்தில் பழைய பயாப்ஸி எண்ணும் என் பழைய முடிவும் எழுதியிருந்தன. கன்னமும் மேலுதடும் மரத்துப்போகிறது என்று வேறொரு சர்ஜனிடம் போயிருக்கிறார்கள். இழைகள் கொழுப்பைக் கடந்து தசைக்குள் போயிருந்தன. ஒரு நரம்பை முழுவட்டமாகச் சுற்றியிருந்தன. ஆழ விளிம்பிலும் நோய் இருந்தது. பழைய ஸ்லைடை அலமாரியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே கட்டி. திரும்ப அலமாரியில் வைத்தேன். மார்ஃபியாஃபார்ம் பேசல் செல் கார்சினோமா, நரம்பைச் சுற்றிப் பரவியுள்ளது, விளிம்பில் நோய் உள்ளது என்று எல்லாவற்றையும் சரியாக எழுதினேன். பழைய ஸ்லைடை மறுபடி பார்த்ததைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் எழுதவில்லை.

ரிப்போர்ட் வாங்க வந்த மகன் கேட்டார்: "சார், மொதல்ல டெஸ்ட் பண்ணப்பவே இது இருந்துச்சா?"

"மெதுவா மாறியிருக்கும்பா" என்றேன்.

பொய். அந்தத் துண்டில் இருந்தது முதல் நாளிலிருந்தே புற்றுநோய்தான். எதுவும் எதுவாகவும் மாறவில்லை. அவருக்கு நோய்க்குறியியல் தெரியாது என்ற தைரியத்தில் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, நன்றி சொல்லிப் போனார்.

அந்த அம்மாவுக்கு மறுபடி அறுவை நடந்தது. நெற்றித் தோலைத் திருப்பிக் கன்னத்தையும் மூக்கோரத்தையும் மூடினார்கள், பிறகு கதிர்வீச்சு. உயிருக்கு ஆபத்தில்லை என்று கேள்விப்பட்டபோது எனக்கு வந்த நிம்மதியில் பாதி எனக்காக வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மிகவும் தாமதமாகத்தான் திருத்திய ரிப்போர்ட் எழுதினேன். பழைய எண், பழைய முடிவு, அது தவறு, துண்டு போதாது என்பதை அப்போதே குறித்திருக்க வேண்டும் என்ற வரி. சர்ஜனுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. மகன் ஃபோன் செய்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லிடுங்க சார்" என்றார். குரலில் கோபம் இருந்தது, நியாயமான கோபம். பிளாக்கையும் ஸ்லைடுகளையும் வேறு யாரிடமாவது காட்ட வேண்டுமானால் தருகிறேன் என்றேன், வாங்கிக்கொண்டார்.

அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். மாறிவிட்டது என்று மகனிடம் சொன்னது பொய் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்பவே தெரிஞ்சிருந்தா எவ்ளோ வெட்டியிருப்பாங்க?"

கட்டி ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை என்று முதல் படிவத்தில் எழுதியிருந்ததைச் சொன்னேன். இந்த வகை வெளியே தெரிவதைவிட உள்ளே அகலமாக ஓடும், அதனால் சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையையும் சேர்த்துத்தான் எடுத்திருப்பார்கள் என்றேன். நரம்புக்கு அன்றே போயிருந்ததா என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் நெற்றியைத் தொட்டிருக்க வேண்டியிருக்காது அம்மா, என்றேன்.