வெம்பக்கோட்டை: வைப்பாற்றுத் தண்ணீரும் குடத்தின் கறுப்புக் கறையும்

சிவகாசியிலிருந்து தெற்கே சுமார் 15 கிலோமீட்டர். வழியெங்கும் பட்டாசு ஆலைகள். ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளிக் கட்டிய சிறு அறைகள், நடுவே வேப்ப மரங்கள், 'தீப்பெட்டி, செல்போன் கொண்டுவரக் கூடாது' என்ற பலகைகள். அதைத் தாண்டினால் வைப்பாறும் வெம்பக்கோட்டை அணையும் வந்துவிடும்.

வெம்பக்கோட்டை என்றதும் இப்போது பலருக்கும் நினைவுக்கு வருவது அகழாய்வுதான். ஆற்றின் வடகரையில் விஜயகரிசல்குளத்து மேட்டில் 2022 மார்ச்சில் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள், தங்க அணிகலன் என்று மண் வாரிக் கொடுத்தது. கடல் சங்கை இவ்வளவு தூரம் கொண்டுவந்து வளையல் அறுத்த அந்த மனிதர்கள் இந்த மேட்டைத் தேர்ந்தெடுக்க, பக்கத்தில் ஓடிய ஆறும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

இன்றைக்கும் கதை அதேதான். அணைத் தண்ணீர் சுற்றுவட்டார வயலுக்குப் போகிறது. சிவகாசியின் குடிநீருக்கும் போகிறது. வடகிழக்குப் பருவமழை கைகொடுத்தால் நிம்மதி. பொய்த்தால் சித்திரை, வைகாசியில் நீர் சுருங்கி, சேறு தெரியும். ஊருக்குள் ஆழ்துளைக் கிணறும் கேன் தண்ணீரும்தான் துணை.

நீர் சுருங்கும் அந்த நாட்களில் கவனிக்கவேண்டிய ஒரு பொருள் மாங்கனீஸ். பட்டாசு ஊர் என்பதால் தண்ணீரில் எது தெரிந்தாலும் ஆலையைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். அந்தச் சந்தேகம் முற்றிலும் வீண் என்று சொல்ல முடியாது. பட்டாசு ஆலைகளை ஒட்டிய நிலத்தடி நீரில் பெர்குளோரேட் என்ற உப்பு கலந்திருப்பதை 2013-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. ஆனால், மாங்கனீஸ் பெரும்பாலும் மண்ணிலும் பாறையிலும் இயல்பாகவே இருப்பது.

எந்த நீர்த்தேக்கமானாலும் அடியில் காற்றோட்டம் குறையும்போது சேற்றிலுள்ள மாங்கனீஸ் கரைந்து நீரில் இறங்கும். ஆழ்துளைக் கிணற்றிலும் இதே விதிதான். கரைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் பளிங்குபோலவே இருக்கும். குழாய்க்குள் காற்றும் குளோரினும் பட்டுப் பட்டு, மெதுவாகக் கறுப்புப் படிவமாக மாறும். திடீரென மோட்டாரைப் போட்டு வேகமாகத் தண்ணீர் விட்டால் அந்தப் படிவம் பெயர்ந்து குடத்துக்குள் வந்து விழும். இரும்பு இருந்தால் கறை செம்பழுப்பாக இருக்கும். மாங்கனீஸ் என்றால் கறுப்பு. வெள்ளை வேட்டி, சிங்க், தொட்டியின் உள்சுவர் எதையும் விடாது.

கறை மட்டும் என்றால் தேய்த்துக் கழுவிவிடலாம். கவலை குழந்தைகளைப் பற்றியது. உடலுக்கு மாங்கனீஸ் கொஞ்சம் வேண்டும். அளவு மீறினால் மூளையைப் பாதிக்கும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் கிணற்று நீர் குடிக்கும் 6 முதல் 13 வயது வரையான 362 குழந்தைகளை ஆராய்ந்து 2011-ல் ஓர் ஆய்வு வெளியானது. மாங்கனீஸ் மிக அதிகமான தண்ணீர் குடித்த ஐந்தில் ஒரு பங்கு குழந்தைகளின் அறிவுத்திறன் மதிப்பெண், மிகக் குறைவாக இருந்தவர்களைவிட 6.2 புள்ளி குறைவு. அந்த அதிகமான பிரிவிலும் நடு அளவு லிட்டருக்கு 0.216 மில்லிகிராம்தான்.

நம் நாட்டுத் தர நிர்ணயம் ஏற்கத்தக்க அளவாக 0.1 மில்லிகிராமைச் சொல்கிறது. வேறு நீராதாரமே இல்லாதபோது 0.3 வரை அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் புட்டிப்பால் குடிக்கும் பச்சிளங்குழந்தைகளை மனதில் வைத்து 2022 வழிகாட்டியில் 0.08 என்று இறக்கிவிட்டது. இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்த்தால் 0.3 கொஞ்சம் தாராளமாகத்தான் தெரிகிறது.

சுத்திகரிப்பில் இரும்பு எளிதில் மசியும்; தண்ணீரை அருவிபோல விழவிட்டுக் காற்று படச் செய்தாலே பெரும்பகுதி படிந்துவிடும். மாங்கனீஸ் அப்படி இல்லை. பொட்டாசியம் பெர்மாங்கனேட் போன்ற வலுவான மருந்து வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அந்த மருந்தே மாங்கனீஸ் சேர்மம்தான்! முள்ளை முள்ளால் எடுக்கிற வேலை. அளவு கூடினால் தண்ணீர் இளஞ்சிவப்பாகிவிடும். பிறகு மணல் வடிகட்டியில் விடவேண்டும். நாளாக ஆக அந்த மணலில் கறுப்புப் பூச்சு ஏறி, அதுவே கரைந்த மாங்கனீஸைப் பிடித்து நிறுத்தும். இதற்கெல்லாம் முன்பே அணையில் செய்யக்கூடிய செலவில்லாத வேலை ஒன்று உண்டு: அடித்தண்ணீரை விட்டு மேல்மட்டத்திலிருந்து எடுப்பது. கோடையில் மேல்மட்டம் என்று ஒன்று மிஞ்சவேண்டுமே!

வீட்டில் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், மாங்கனீஸ் போகாது; நீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. இயந்திரம் பெரும்பகுதியை நீக்கும். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமப் பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதிக்கப் பயிற்சி கொடுத்துச் சிறு பெட்டிகள் தருகிறார்கள். காரத்தன்மை, இரும்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் எல்லாம் அதில் பார்க்கலாம். மாங்கனீஸ் பெரும்பாலும் அதில் இல்லை. அதற்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்குத்தான் போகவேண்டும். குடத்தின் உள்பக்கம் கறுப்பேறினாலும், வீட்டில் புட்டிப்பால் குடிக்கும் குழந்தை இருந்தாலும், தனியாக மாங்கனீஸ் என்று எழுதிக் கேளுங்கள். மாதிரியைக் கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பிறகு ஒருமுறையும் எடுப்பது நல்லது. அணை நிறைந்திருக்கும் கார்த்திகைத் தண்ணீரும் சேறு தெரியும் வைகாசித் தண்ணீரும் ஒன்றல்ல.