வந்து வந்து போன கோளாறு

குழந்தைக்கு ராத்திரியெல்லாம் காய்ச்சல் கொதிக்கும். டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் ஜில்லென்று இருக்கும். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும் இதே வித்தைதான் காட்டியது. மூன்று நாள் சமர்த்தாக ஓடும். நாலாம் நாள் திடீரென்று நீலத் திரை போட்டு நின்றுவிடும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் ஒரு தொந்தரவும் இல்லை.

முதல் ரிப்பேர்காரர் இரண்டு நாள் வைத்திருந்து, எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டு 600 ரூபாய் வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாளே பழைய கதை. இரண்டாமவர், "மதர்போர்டு போயிடுச்சும்மா, வேற மெஷினே வாங்கிடுங்க" என்றார். என் கணவரோ, "எல்லாம் இவன் கேம் ஆடற லட்சணம்!" என்று பையனைத் தினமும் திட்ட ஆரம்பித்தார். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருப்பான். புது மெஷினுக்குப் பணம் எங்கே என்பதைவிட எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

சரி, காய்ச்சலுக்குக் குறிப்பு எழுதுவதுபோல இதற்கும் எழுதுவோம் என்று ஒரு நோட்டு போட்டேன். தேதி, மணி, அப்போது யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள், திரையில் என்ன வாசகம் வந்தது, அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் ஒன்பது முறை நின்றது. அதில் கேம் ஆடும்போது நின்றது இரண்டே முறை! ஒரு தடவை யாரும் தொடாமல் சும்மா இருக்கும்போதே நின்றது. விடியற்காலைக் குளிரிலும் நின்றதால் சூட்டின் மேல் பழி போடவும் வழியில்லை. வாசகமோ ஒவ்வொரு முறையும் வேறு வேறு.

நோட்டைப் பார்த்த என் அண்ணன் மகன், "அத்தை, இப்படி மாறி மாறி வந்தா மெமரியைத்தான் முதல்ல சந்தேகப்படணும்" என்றான். மெமரி என்றால் படங்களைச் சேர்த்து வைக்கும் டிஸ்க் அல்ல. டிஸ்க் மளிகை அலமாரி மாதிரி. மெமரி அடுப்பு மேடை மாதிரி. வேலை நடக்கும்போது சாமான்களை எடுத்துப் பரப்பி வைக்கும் இடம். ஒரு 8 ஜி.பி. பட்டைக்குள் சுமார் 6,870 கோடி குட்டிக் கிண்ணங்கள் இருக்கின்றனவாம். ஒவ்வொன்றிலும் துளி மின்சாரம். அது கசிந்துகொண்டே இருப்பதால் நொடிக்குப் பதினைந்து தடவைக்கு மேல் திரும்ப நிரப்ப வேண்டுமாம். ஏதோ ஒரு கிண்ணம் ஓட்டையானால், அதில் என்ன விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான் ரகளை. போட்டோவின் ஒரு துணுக்கு விழுந்தால் படத்தில் கறை. விண்டோஸின் சொந்த வேலை விழுந்தால் மெஷினே நின்றுவிடும். விண்டோஸை எத்தனை தரம் மாற்றிப் போட்டாலும் ஓட்டைக் கிண்ணம் அப்படியேதானே இருக்கும்?

விண்டோஸிலேயே ஒரு மெமரி சோதனை உண்டு. அது ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டது. அதோடு விடாமல் மெம்டெஸ்ட்86+ என்ற இலவசச் சோதனையைப் பென் டிரைவில் ஏற்றி, ராத்திரி முழுக்க ஓடவிட்டோம். முதல் இரண்டு சுற்றும் சுத்தம். மூன்றாவதில் சிவப்பு வரிகள்! ஒரே ஒரு தப்பு வந்தாலும் அதை விட்டுவிடக் கூடாதாம்.

எங்கள் மெஷினில் இரண்டு பட்டைகள். கரண்ட் வயரைப் பிடுங்கி, இரும்புப் பெட்டியைத் தொட்டுவிட்டு (உடம்பில் இருக்கும் மின்சாரமே பட்டையைக் கெடுத்துவிடும்), ஒன்றை மட்டும் மாட்டிச் சோதித்தோம். மறுநாள் ராத்திரி மற்றதை, அதே இடத்தில். முதலாவது விடிய விடியச் சுத்தம். இரண்டாவதில் மறுபடி சிவப்பு. அதன் பித்தளை நிறப் பற்களை ரப்பரால் மெதுவாகத் துடைத்துப் பார்த்தோம். பல வீடுகளில் அதிலேயே சரியாகிவிடுமாம், எங்களுக்கு ஆகவில்லை. பக்கத்து இடத்தில் மாட்டினாலும் அதே தப்பு. ஆக, இடத்தில் கோளாறு இல்லை, பட்டையில்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றியதால்தான் இது பிடிபட்டது. ரசத்தில் உப்பையும் புளியையும் சேர்த்து மாற்றினால் எது தூக்கல் என்று எப்படித் தெரியும்?

பீரோவில் பில் பத்திரமாக இருந்தது. வாரண்டி முடியவில்லை. மூன்று வாரத்தில் வேறு பட்டை வந்தது, செலவில்லாமல். அதுவரை ஒற்றைப் பட்டையிலேயே ஒரு தடவைகூட நிற்காமல் ஓடியது.

நோட்டை என் கணவரிடம் நீட்டினேன். ஒன்பது வரியையும் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் பையனைக் கூட்டிக்கொண்டு பரோட்டா வாங்கப் போனார்.

ஒன்று மட்டும் மனசை உறுத்துகிறது. கோளாறு இருந்த நாட்களில் என் மாமனார் படங்களை டிஸ்கில் காப்பி செய்திருந்தோம். அதில் பன்னிரண்டு படங்கள் பாதி சாம்பல் நிறமாகக் கிடந்தன. மெமரியில் சந்தேகம் வந்த பிறகு அந்த மெஷினில் எதையும் காப்பி செய்யாதீர்கள், பழைய கார்டை அழித்தும் விடாதீர்கள். எங்கள் கார்டு மாமியாரின் டிரங்குப் பெட்டியில், வெற்றிலை டப்பாவுக்குள் இருந்தது. பத்துப் படங்கள் முழுசாகக் கிடைத்துவிட்டன. மிச்சம் இரண்டை, சொந்தக்காரர்கள் யாராவது வைத்திருக்கிறார்களா என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.